மூத்தவள் கையால் இறங்கிய மண்

மூக்கம்மாள் எனக்குப் பெரியம்மா. என்னைப் பெற்ற அழகுத்தாய்க்குக் கூடப்பிறந்த அக்காள். தேவாரம் ஊருக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டை நம்பிய ஊர் அவர்களுடையது. மழை தப்பிய ஒரு வருஷம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணியான அவர்களுடைய சித்தப்பா பிச்சைமணி குடும்பத்தையே கிளப்பி, சாக்கலூத்து மெட்டு மலைப்பாதை வழியாக ஏற்றி, உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார். அப்போதே பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் பெரியமுத்து, காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். பிள்ளை இல்லை.

இதில் பாதி அம்மா சொன்னது. கொஞ்சம் பெரியம்மாவே வாய் தவறிச் சொன்னது. கடைசியில் வருவது நான் கண்ணால் பார்த்தது.

மலையில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் ஒரே பேர்தான் இருந்தது. பாண்டி. பெண்ணாக இருந்தால் பாண்டிச்சி. குளிக்கமாட்டான், கத்திப் பேசுவான், கண் மறைந்தால் களவெடுப்பான், இதெல்லாம் அந்த ஒரு பேருக்குள் அடக்கம். அப்படிக் கூப்பிட்ட மலையாளத்து ஆட்களும் பாலாவிலிருந்தும் மூவாற்றுப்புழையிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள்தான். அவர்கள் மேற்கேயிருந்து ஏறினார்கள், நாங்கள் கிழக்கேயிருந்து ஏறினோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தை யாரும் மறக்கவிடவில்லை.

தோட்டத்துக் கணக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொண்ட ரைட்டரும் அப்படி மேற்கேயிருந்து வந்தவர். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். மழை பிடித்துவிட்டால் வாசலில் உட்கார்ந்து ஊரை நினைத்துக்கொண்டிருப்பாராம். அவர் சம்சாரம் ஏலியாம்மாவுக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பெரியம்மா போனாள். கை சுத்தம், வாய் சுத்தம். ஒரே வருஷத்தில் மலையாளம் பிடித்துக்கொண்டாள். கேப்பைக் களியைத் தள்ளிவிட்டுக் மரவள்ளிக் கப்பை தின்னப் பழகினாள். கருவாட்டை வீட்டுக்குள் விடவில்லை. நல்லெண்ணெயை நிறுத்தித் தேங்காயெண்ணெய் வைத்தாள். காலையில் ஒரு குளிப்பு, சாயங்காலம் ஒரு குளிப்பு. அந்தக் குளிரில், ஓடைத் தண்ணீரில்.

“ஏண்டி இப்படி வெறைச்சுச் சாகுற?” என்று அம்மா கேட்டாளாம்.

“ஒனக்குத் தெரியாது. பக்கத்துல போனா மூக்கச் சுளிக்கிறாக.”

“யாரு சுளிச்சா?”

“யாரோ சுளிச்சாக. போடி.”

காது இருந்தது ஒரு தொந்தரவு. எங்கள் பெண்களுக்குச் சின்ன வயசிலேயே காது குத்தி, பாரம் போட்டு வளர்த்து, தோள்வரைக்கும் தொங்கவிட்டுத் தண்டட்டி என்ற கனத்த காதணி போடுவார்கள். ஊரில் அதுதான் லட்சணம். நீளக் காது இல்லாதவளைப் பெண் கேட்டு வரமாட்டார்கள். மலையில் அதே காதைப் பார்த்துப் பிள்ளைகள் “ஆனைச் செவி, ஆனைச் செவி” என்று பின்னாலேயே வருவார்கள். ரைட்டரின் மகனே பெரியம்மாவின் காதைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டுவானாம். அவள் சிரித்துக்கொள்வாள். ஏலியாம்மா பிரசவத்துக்குக் கோட்டயத்துத் தாய்வீடு போனபோது துணைக்குப் பெரியம்மாவைக் கூட்டிப்போனாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பெரியம்மா தன் காதை வெட்டிச் சுருக்கித் தைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் ஆட்கள் வரிசைவீடுகளில் குடியிருந்த லயத்து வாசலில் வந்து நின்றபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு நாத்தனார் முறையாகிற பூவாத்தாளுக்கு மட்டும் நாக்கு நிற்கவில்லை.

“ஏ மதினி, காது எங்க? கோட்டயத்துல வச்சிட்டு வந்துட்டியா?”

“போட்டுக்கிட்டிருந்த தண்டட்டியவாச்சும் கொண்டாந்தியா, இல்ல அதையும் அவுகளுக்கே குடுத்துட்டியா?” என்று இன்னொருத்தி.

பெரியம்மா உள்ளே போனாள். தண்டட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். அந்த வருஷம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு இறங்கிப் போனாள். மலையில் காது நீளம் என்று சிரித்தார்கள் என்றால், ஊரில் காது இல்லை என்று சிரித்தார்கள். பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி, “இது யாரு, மலையாளத்துக்காரியா? நம்ம வீட்டுப் பந்தில எப்படி?” என்று சத்தமாகவே கேட்டிருக்கிறாள். அந்தக் கிழவி இவள் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள். பெரியம்மா கை கழுவிக்கொண்டு எழுந்தாள். அதற்கப்புறம் அவள் மெட்டு இறங்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தேவிகுளமும் பீருமேடும் தமிழ்ப் பக்கமா, மலையாளப் பக்கமா, எந்தப் பக்கம் சேரவேண்டும் என்று பேச்சு எழுந்தது. எங்கோ கூட்டம், எங்கோ போலீஸ், எங்கோ துப்பாக்கிச் சூடு என்று மலை முழுக்கச் செய்தி ஓடியது. அதுவரைக்கும் வெறும் கேலியாக இருந்த பாண்டி என்ற பேச்சில் அதற்குப்பிறகு கொஞ்சம் காரம் ஏறிக்கொண்டது. களத்தில் ஒரு தேடுதலும் வந்தது.

ஏலக்காய் எடுப்பு எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செடிக்கு அடியில், வேரோடு ஒட்டித்தான் காய் இருக்கும். குனிந்து, தவழ்ந்து, அட்டைக்கடியோடு நாள் முழுக்கப் பறிக்கவேண்டும். சாயங்காலம் ஸ்டோருக்கு முன்னால் இருக்கிற களத்தில் கொண்டுவந்து நிறுவை போடவேண்டும். நிறுவை ஆனபிறகு மலையாளத்துப் பெண்கள் நேரே வீட்டுக்குப் போகலாம். தமிழ்ப் பெண்கள் மட்டும் ஒருபக்கமாக வரிசையில் நிற்கவேண்டும். மடியை அவிழ்த்து உதறிக் காட்டவேண்டும். கொண்டையை அவிழ்த்து முடியை உதறவேண்டும். பாண்டிச்சிகள் கொண்டைக்குள் காயை ஒளித்துக்கொண்டுபோய் மலைக்குக் கீழே போடி ஊர் வியாபாரிக்கு விற்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருத்தி செய்தாளோ என்னவோ, எல்லோருக்கும் அந்த உதறல் வந்தது.

பெண்களை ஆண் தொட்டுத் தேட முடியாது. மலையாளத்துப் பெண் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. ரைட்டர் பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

“மூக்கம்மா, நீ நில்க்கணும். நின்னெ எனிக்கு விசுவாசமாணு.”

நம்புகிறேன் என்று ஒரு மேலாள் சொன்ன வார்த்தை. அவளுக்கு அது தலையில் பூ வைத்தமாதிரி இருந்திருக்கும். ஸ்டோருக்குப் பக்கத்திலேயே தனியாக ஓர் அறையும் கொடுத்தார்கள். லயத்தைவிட்டு அங்கே குடிபோனாள். பெரியமுத்துவும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார்.

தினமும் சாயங்காலம் வெள்ளை ரவிக்கையும் முண்டுமாக அவள் களத்தில் நிற்பாள். சொந்தக்காரிகள் வரிசையாக வருவார்கள். பூவாத்தாள் கொண்டையை அவிழ்த்து அவள் முகத்துக்கு நேராக உதறுவாள்.

“நல்லாப் பாரு மதினி. பேனு நாலஞ்சு இருக்கு. அதையும் நிறுவை போட்டுக்க.”

“அடுத்த ஆளு வா” என்பாள் பெரியம்மா, மலையாளத்தில்.

“ஐயய்யோ, நமக்குப் பாஷை தெரியாதே. தமிழ்ல சொல்லு தாயி, ஒனக்கு மறந்துபோச்சோ?”

வரிசை முழுக்கச் சிரிக்கும். ரைட்டரும் சிரிப்பார். அவர் சொல்கிற கேலிக்குப் பெரியம்மாவும் சிரிப்பாள். பாண்டி குளித்தால் ஓடை கறுக்கும் என்று அவர் ஒருநாள் சொன்னாராம். அதற்கும் சிரித்தாள். சிரித்ததை என் அம்மா பார்த்தாள்.

பிச்சைமணித் தாத்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் லயத்து முன்னால் கூட்டினார்.

“நாம இங்க வந்து இத்தன வருசமாச்சு. இன்னும் வந்தேறிங்கிறான். நாளைக்கே எறங்கிப் போன்னு சொன்னாலும் சொல்லுவான். நம்ம சாமி ஊர்ல இருக்கு, நாம இங்க இருக்கோம், அதான் கோளாறு. ஆத்தாள மேல கொண்டாந்துருவோம். அவ ஒக்காந்துட்டா இது நம்ம ஊரு. அப்புறம் எவன் எறக்கிவிடுறான்னு பாப்போம்.”

எங்கள் குலசாமி சீலைக்காரி ஆத்தா. அவளை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கோயிலிலிருந்து பிடிமண் எடுக்கவேண்டும். வீட்டுக்குப் பிறந்த மூத்த மகள் ஈரச்சேலையோடு ஒரு பிடி மண்ணை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, மடியில் கட்டிக்கொள்ளவேண்டும். கட்டியதிலிருந்து வாய் திறக்கக்கூடாது. யார் எது கேட்டாலும் பேசக்கூடாது. வழியில் மண்ணைத் தரையில் வைக்கவும் கூடாது. எங்கே அது முதலில் தரை தொடுகிறதோ அங்கே ஆத்தா உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் எழுப்ப முடியாது. லயத்துக்கு மேலே ஒரு பெரிய பலாமரத்தடியை இடமாகப் பார்த்து வைத்திருந்தார்கள்.

மூத்த மகள் என்றால் மூக்கம்மாள். தாத்தாவே அவள் அறைக்குப் போய்க் கேட்டார்.

“ஒன் கையாலதான் ஆத்தா வரணும். வாத்தா, போயிட்டு வருவோம்.”

“நான் வரல சித்தப்பா.”

“ஏன்?”

“இந்தக் காத வச்சிக்கிட்டு அந்தக் கோயில் வாசல்ல போயி நிக்கச் சொல்றீகளா?”

“காதுல என்னத்தா இருக்கு. ஆத்தா காதையா பாக்கப்போறா?”

“ஆத்தா பாக்கமாட்டா. சனம் பாக்கும்.” கூடவே, “இங்கயும் ரைட்டரய்யா என்ன நெனப்பாரு? மண்ணத் தூக்கிக்கிட்டுத் திரியிறாளேன்னு சிரிக்கமாட்டாரா?” என்றாள்.

தாத்தா எழுந்துகொண்டார். இளையவள் அழகுத்தாய் போவதென்று முடிவானது. என் அம்மா அப்போது கல்யாணமாகாத பெண்.

தாத்தாவும் அம்மாவும் இறங்கிப் போனார்கள். விடியலில் குளித்து, மண் எடுத்து, மடியில் முடிந்துகொண்டு, வாயைக் கட்டியமாதிரி அம்மா மெட்டு ஏறினாள். பாதி ஏற்றத்தில் தாத்தாவுக்கு மூச்சு வாங்கியது. “நீ முன்னால போத்தா. பொழுதுக்குள்ள சேந்துரு. நான் மெல்ல வாரேன்” என்று அனுப்பிவிட்டார். மேலே நல்ல மழை பெய்து லயத்துக்குப் போகிற ஓடைப்பாதை வெள்ளமாகக் கிடந்தது. அம்மா ஏலச்செடிகளுக்கு ஊடே புகுந்து, களத்து வழியாக வந்தாள்.

அது நிறுவை முடிந்து தேடுதல் நடக்கிற நேரம்.

அதற்கு முந்தின நாள்தான் ஸ்டோரில் காய் குறைகிறது என்று முதலாளி ரைட்டரை ஏசியிருந்தார். அந்தக் கடுப்பில் அவர் நின்றுகொண்டிருக்கிறார். செடிக்குள்ளிருந்து ஒரு பாண்டிச்சி வெளியே வருகிறாள். சேலையெல்லாம் ஈரம். மடி புடைத்திருக்கிறது. கையால் அதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

“எந்தாடீ அது? மடியில எந்தா?”

அம்மா நின்றாள். பேசவில்லை.

“சோதிச்சது கேட்டில்லே? வாயில்லே நினக்கு?” கேட்டது காதில் விழவில்லையா, வாயில்லையா என்று அதட்டினார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ரைட்டர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “கண்டோ? களவு வாயடைச்சு.”

வரிசையில் நின்ற பெண்கள் கத்தினார்கள். பூவாத்தாள்தான் முதலில். “அய்யா, அது சாமி மண்ணுய்யா! தொட்றாதீக! அவ பேசக்கூடாதுய்யா!”

“சாமியோ?” என்றார் ரைட்டர். “கள்ளிகளுக்கும் சாமியோ? ஒருத்தி பிடிபட்டா எல்லாரும் சேந்நு கள்ளம் பறயும். அதல்லே பாண்டி.” எல்லோரும் சேர்ந்து பொய் சொல்வதுதானே பாண்டி என்றார். திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். குரல் தணிந்தது. “மூக்கம்மா, நீ பற. இவர் பறயுந்நது சத்யமாணோ? நீ பறஞ்ஞா ஞான் விசுவசிக்கும்.” இவர்கள் சொல்வது நிஜமா, நீ சொன்னால் நம்புகிறேன் என்றார்.

அதை அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று அம்மா கடைசிவரைக்கும் சொன்னாள். அக்காள் ஒரு “ஆமா” சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். ஆமா என்றால் அடுத்தது, உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். அது எங்கள் சாமி, இவள் என் தங்கச்சி, அந்த மண்ணை நான்தான் எடுத்துவர வேண்டியது என்று சொல்லவேண்டி வரும். வரிசையில் நிற்கிறவர்களும் தானும் ஒன்று என்று களம் முழுக்கக் கேட்கச் சொல்லவேண்டி வரும்.

பெரியம்மா தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி அவளைப் பார்த்தாள்.

“எனிக்கு அறியில்ல” என்றாள் பெரியம்மா. எனக்குத் தெரியாது.

“எந்நால் அழிக்கு.”

அவிழ்க்கச் சொல்லிவிட்டார். பெரியம்மா வந்தாள். அம்மா மடியைப் பொத்தியிருந்த கையை எடுக்கவில்லை. அந்தக் கையை அவள் விரல் விரலாகப் பிரித்தாள். மஞ்சள் துணி நனைந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. ரைட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற அவசரத்தில் இழுத்தாள். துணி கிழிந்தது. மண் கொட்டியது.

களத்துச் செம்மண்ணில் எங்கள் ஊர்க் கரிசல் கறுப்பாக ஒரு கை அகலத்துக்குக் கிடந்தது.

ரைட்டர் குனிந்து பார்த்தார். “மண்ணோ?” என்றார். கொஞ்சம் சிரித்தார். கொஞ்சம் சங்கடமும் பட்டார்போல. “போட்டே, போட்டே, எல்லாரும் பொய்க்கோ” என்று எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டார். அவர் வரைக்கும் அது அங்கேயே தீர்ந்துபோயிற்று.

பெரியம்மா சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை அள்ளப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பேசாமல், அந்த மண்ணுக்கு முன்னால், ஈரச் சேலையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. அடுப்படியிலிருந்து பெரியமுத்து வெளியே வந்தார். கையில் விறகுக்கட்டை அப்படியே இருந்தது.

தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கிழிந்த துணியைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த ஈரக் களத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது மூக்கிலும் நெற்றியிலும் சேறு.

“எறங்கிட்டா. இனி எங்கிட்டும் வரமாட்டா. இதான் அவளுக்கு எடம்” என்றார்.

அதற்குப்பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். விடிந்ததிலிருந்து பேசாத வாய், குரல் கட்டியிருந்தது.

“அக்கா, மூத்தவ கையாலதான் எறங்கணும்னு ஆத்தா நெனச்சிருக்கா. நான் கொண்டாந்தேன். எறக்குனது நீதான்.”

கோபத்தில் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் சொல்லவில்லை. அவள் அப்படியே நம்பினாள். அடித்திருந்தால்கூடப் பெரியம்மா தாங்கியிருப்பாள்.

மறுநாள் அந்த இடத்தில் ஓடைக்கல் ஒன்றை நட்டு மஞ்சள் பூசினார்கள். எடுத்துப்போடச் சொன்னார் ரைட்டர். எடுத்தால் ஒருத்தரும் காட்டில் இறங்கமாட்டோம் என்றார் தாத்தா. காய் பழுத்து நிற்கிற நேரம். முதலாளி வந்து பார்த்து, “ஒரு கல்லுதானே, இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டார். பலாமரத்தடி சும்மா கிடந்தது. ஆத்தா தேடுதல் களத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தேடுதல் நிற்கவில்லை. பெரியம்மா ரைட்டரிடம் போய், இந்த வேலை வேண்டாம் என்று கேட்டுப்பார்த்தாள்.

“ஏன்? கல்லினெ பேடியோ?” என்று கேட்டார்.

பயமில்லை என்று சொன்னாள். அப்புறம் என்ன என்றார். திரும்பி வந்துவிட்டாள். வேலையை விட்டால் லயத்துக்குத் திரும்பவேண்டும். அங்கே எந்த முகத்தோடு போவது? அதனால் தினமும் சாயங்காலம் அதே இடத்தில், கல்லுக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

பெண்கள் வரிசையில் வருவார்கள். முதலில் கல்லைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். அப்புறம் இந்தப்பக்கம் திரும்பி மடியை உதறுவார்கள், கொண்டையை உதறுவார்கள், போய்விடுவார்கள். ஒரு கேலி இல்லை. மதினி என்று இழுத்துப் பேசுவது இல்லை. பூவாத்தாள்கூட வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய பழைய ஏச்சு ஒன்று காதில் விழுந்தால் போதும் என்று பெரியம்மா ஏங்கினாளாம். ஒருநாள் அவளாகவே, “என்ன பூவு, இன்னைக்குப் பேனு இல்லையா?” என்று தமிழில் கேட்டிருக்கிறாள்.

“இல்லீங்க” என்றாளாம் பூவாத்தாள்.

மதினி முறைக்காரியை ‘இல்லீங்க’ என்று! அன்றைக்கு ராத்திரி பெரியம்மா சாப்பிடவில்லை. அதன்பிறகு எதுவும் சரியாக இறங்கவில்லை அவளுக்கு. தைத்த காது குளிர்காலத்தில் வீங்கிச் சீழ் வைக்கும். முகத்தை ஒருக்களித்தே படுப்பாள். பெரியமுத்து ஒரே ஒருதடவைதான் அதைப்பற்றிப் பேசினார்.

“ஆமான்னு ஒரு சொல்லு” என்றார். “அதுக்கு வாய் வரலையே ஒனக்கு.”

வருஷம் திரும்பியது. ஆத்தாளுக்கு முதல் பொங்கல். முதல் கை சோறு வீட்டுக்குப் பிறந்த மூத்த மகளுக்கு. அது முறை, மாற்ற முடியாது. தாத்தா களத்தில் நின்று, ஸ்டோர்ப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

“வீட்டுக்குப் பொறந்த மூத்த மக மூக்கம்மா! வந்து வாங்கிக்கத்தா!”

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேதான் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தாத்தாவுக்குத் தொண்டை கம்மியது. ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. காத்திருந்தார்கள். சோறு ஆறியது. கடைசியில் அம்மா அந்தக் கை சோற்றை வாழையிலையில் வைத்துக் கொண்டுபோய் வாசற்படியில் வைத்தாள்.

“அக்கா, வச்சிருக்கேன். நாய் வரும், எடுத்துக்க.”

இலை உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் இலை மட்டும் கழுவித் துடைத்து வாசலில் இருந்தது. அடுத்த வருஷமும் அப்படித்தான். கூப்பிடுவார்கள், வரமாட்டாள், இலை போகும்.

மலை மேற்கோடு போயிற்று, கேரளம் ஆயிற்று. அப்புறம் தோட்டத்துக்குத் தொழிலாளர் சங்கம் வந்தது. கொடியோடு வந்தவர்களில் மலையாளத்து ஆட்களும் இருந்தார்கள், எங்கள் ஆட்களும் இருந்தார்கள். பெண்களை உதறவிடுவதை நிறுத்து என்பது அவர்கள் கேட்டதில் ஒன்று. ரைட்டருக்கும் வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போது பெரியம்மா தலைச்சுமையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏலியாம்மா அழுதாள். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த அழுகை பொய்யில்லை. ரைட்டர் களத்தில் நின்றார். கல்லுக்குப் பக்கத்தில். பிரியமாகத்தான் சொன்னார்:

“மூக்கம்மா, நின்னெ கண்டா பாண்டியெந்நு ஆரும் பறயில்ல.”

உன்னைப் பார்த்தால் பாண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். எத்தனை வருஷக் குளிப்பு, எத்தனை கேலிக்குச் சிரித்த சிரிப்பு, அறுத்த காது, எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது வந்து சேர்ந்தபோது பின்னால் அந்தக் கல் இருந்தது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து. பெரியம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மேல்முண்டை இழுத்துக் காதோடு மூடிக்கொண்டாள். வண்டி போனபிறகும் அதை எடுக்கவில்லை. சாகிறவரைக்கும் முக்காடு போட்டபடிதான் இருந்தாள்.

புது ரைட்டர் வந்தார். தேடுதல் கிடையாது என்று சொல்லிவிட்டார். அறையையும் திரும்பக் கேட்டார். பெரியம்மாவும் பெரியமுத்துவும் லயத்தில் கோடி வீட்டுக்கு வந்தார்கள். அவள் மற்றவர்களோடு காய் எடுக்கப் போனாள். அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர் கேட்டால் கொடுத்தார்கள், தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டார்கள். வருஷங்கள் போகப்போகப் பூவாத்தாளும் மதினி என்று கூப்பிடத் தொடங்கினாள். ஆனால் அந்தப் பழைய கேலி மட்டும் திரும்பவே இல்லை.

அவள் காய் எடுக்கப் போன முதல் நாள் சாயங்காலம் நிறுவை முடிந்து எல்லோரும் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பெரியம்மா மட்டும் பின்தங்கினாள். கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். தொடவில்லை. மடியை அவிழ்த்தாள், உதறினாள். முக்காட்டை விலக்கி, கொண்டையை அவிழ்த்து முடியை உதறினாள். பிறகு முடிந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

நான் பிறந்து, வளர்ந்து, அதே களத்துக்குக் காய் கொண்டுவரத் தொடங்கினபோதும் அவள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தாள். முதுகு வளைந்து, முடி கொட்டி, கொண்டை எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அதையும் அவிழ்ப்பாள். பொங்கலன்றைக்குக் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் பின்னால் நிற்பாள், முன்னால் வரமாட்டாள். அம்மாதான் இலையைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பாள். திரும்பி நின்றுகொண்டு சாப்பிடுவாள்.

புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு அது விளங்காது. ஒருத்தி ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். “பெரியாத்தா, எதத் தொலைச்சிட்டு இப்படித் தேடுறீக? காசா, சாவியா?”

பெரியம்மா முடியை முடிந்துகொண்டிருந்தாள்.

“சும்மா இருடி” என்றாள் அம்மா. “அவ தேடல. காட்டுறா.”

பெரியம்மா முந்தானையை இன்னொரு தரம் உதறினாள். அதிலிருந்து ஒன்றும் விழவில்லை. ஒன்றும் விழவில்லை என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டு, கல்லைத் தொடாமலே, லயத்துப் பக்கம் திரும்பி நடந்தாள்.